அடுப்பருகே எட்டு மணி நேரம்

பழைய பீப்பாயை அறுத்து வெல்டர் தானே செய்த பார்பிக்யூ அடுப்பு அது. அதுவரை சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அதில் கறி சுட்டுக் கொடுத்திருந்தார். ஒருநாள் ருசி பார்த்த பெயின்ட் கடைக்காரர், "என் பொண்ணு பிறந்தநாளுக்கு அறுபது பேர் வர்றாங்க. நீங்களே செஞ்சிடுங்க. எவ்வளவு ஆகும்னு எழுதிக் குடுங்க" என்றார்.

வெல்டரின் மனைவி தையல்காரி. துணிக்கு அளவெடுக்கும் கறாரோடு நோட்டை விரித்தாள்.

"கறி எவ்வளவு?"

"இருபத்தஞ்சு கிலோ."

"தலைக்குக் கால் கிலோன்னா பதினஞ்சுதானே வருது?"

"சுடறப்போ சுருங்கும்மா. பத்து கிலோ புகையாப் போயிடும்."

"நல்லா இருக்கு, காசு குடுத்துப் புகை வாங்கறது" என்று சிரித்தபடி எழுதினாள். விறகு, கரி, வண்டி வாடகை, தட்டு. "சரி, உங்க கூலி?"

"வெட்டி மசாலா தடவ ரெண்டு மணி நேரம். பரிமாற ரெண்டு."

"நடுவுல?"

"எட்டு மணி நேரம் தானா வேகும். சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு யாராவது காசு கேட்பாங்களா?"

வாரமெல்லாம் பட்டறையில் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு அந்த எட்டு மணி நேரம்தான் ஓய்வு. கண்ணை மூடாமலே தூங்குவதுபோல இருக்கும் அவருக்கு. அதற்கு விலை போட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். நிமிடம் குறிக்கப் பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள் அவள். புகை மெல்லிய நீலமாக எழுந்து, கொடிக்கம்பியைத் தொட்டு, கரைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பென்சில் எப்போது மடியில் விழுந்தது என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் கண்ணயர்ந்ததாகத்தான் நினைத்தாள். விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. அவரும் அரைக்கண்ணோடு சாய்ந்திருந்தார். 'நல்ல தூக்கம்' என்று அவள் நினைக்கும்போதே அவர் கை நீண்டது. அடுப்பின் காற்றுத் துளையை மயிரிழை திறந்தது. வெளுக்கத் தொடங்கியிருந்த புகை மறுபடி நீலமானது.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"வாசனை மாறிச்சே."

அவளுக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. அன்று மாலை நோட்டில் ஒரு வரி சேர்த்தாள்: அடுப்பருகே இருப்பது, எட்டு மணி நேரம்.

"வேலை கை நழுவிடும்மா" என்று அவர் முனகினார்.

மறுநாள் கணக்குச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் போன் செய்தார். "இருக்கறதுக்குக் கூலியா? அது என்ன சார் கணக்கு?"

தையல் இயந்திரத்தில் அவள் கால் நின்றது. வெல்டர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"அதை எடுத்துட்டா வெந்த கறி கிடைக்கும் சார். அன்னிக்கு நீங்க சாப்பிட்டது கிடைக்காது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, நாற்பது பேர்னு வெச்சுக்குங்க. மச்சானோட ஆபீஸ் கூட்டத்தைக் கழிச்சுடறேன். ஆனா அந்த எட்டு மணி நேரத்துல ஒரு நிமிஷம் குறையக் கூடாது."

மாலை இருவரும் கடைக்காரர் வீட்டுப் பின்கட்டைப் பார்க்கப் போனார்கள். ஆறு மணிக்குப் பந்தி என்றால் காலை பத்துக்கே கறி அடுப்பில் ஏற வேண்டும். வெல்டர் விரலை நனைத்துத் தூக்கிக் காற்றைப் பார்த்தபடி நின்றார்.

"இங்கே வேணாங்க. பக்கத்து வீட்டுத் துணியிலெல்லாம் புகை ஏறிடும்" என்றாள் அவள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். அங்கே காற்று இதமாக இருந்தது. கிளம்ப வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.