தாழ்ப்பாள் இருந்த பக்கம்

சுவர் தானாகத்தான் விழுந்தது என்று தமிழ்மாறன் பிறகு நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. விழுந்த நேரத்தில் அவன் கையில் கொத்தனார் கரண்டி இருந்தது. கரண்டியின் நுனி சுவருக்குள் இருந்தது.

அவனியாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குச் சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் ஊரில், அதுவும் அடுத்தவர் வீட்டுச் சுவரில் என்ன வேலை? ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டேப்பும் கரண்டியுமாகக் கிளம்பிவிடுவான். பழைய மண்சுவர் வீடுகளை அளப்பான், படம் பிடிப்பான், வயது சொல்வான். ‘ஊரக வீட்டு ஆய்வாளர்’ என்று விசிட்டிங் கார்டுகூட உண்டு. அவன் கடையிலேயே அடித்தது. அந்தப் பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகமும் அந்தக் கடைதான்.

அவன் முறை எளியது. இந்தப் பக்கத்தில் பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், துக்கம் விழுந்த வருஷம் தவிர. லேசாகச் சுரண்டினால் ஏடு ஏடாகச் சுண்ணாம்பு தெரியும். எண்ணினால் வீட்டின் வயது வந்துவிடும். வராத இடங்களில் முந்நூறு வருஷம் என்று சொல்லிவிடுவான். வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம், காப்பியும் கிடைக்கும்.

“தாராளமாச் சொரண்டுங்க தம்பி, எங்க அய்யா கட்டுன வீடு” என்று வீட்டுக்காரர் வீரணன் சொன்னது உண்மை. “நடுச்சுவரை மட்டும் தொட்டுராதீக” என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆராய்ச்சியாளனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அவர் வெற்றிலைக் கட்டை எடுத்து வைக்கத் திரும்பிய நேரம் பார்த்து, நடுச்சுவரில்தான் கரண்டியை வைத்தான்.

“இது முந்நூறு வருஷம் இருக்கும்ணே” என்று வாயைத் திறந்தான். ஆள் உயரத்துக்கு மண் பொத்தென்று இறங்கியது.

புழுதி அடங்கியதும், முந்நூறு வருஷத்து மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட் பளபளப்புக் குறையாமல் அவனைப் பார்த்துச் சிரித்தது.

அதற்குப் பின்னால் ஒரு கதவு நின்றது. கீல் இல்லாமல், மேலும் கீழும் குடுமி வைத்துச் சுழலும் பழைய பூவரசங் கதவு. நிலையோடு, படியோடு, முழுசாக.

“இதை ஏண்ணே அடைச்சீங்க?”

“காத்து வந்துச்சு” என்றார் வீரணன்.

“காத்துக்கா?”

“பாம்பும் வந்துச்சு.”

நேரான பதில் இல்லை. ஆனால் தமிழ்மாறனுக்குக் கொஞ்சம் தெரியும். காலையில் டீக்கடையில் வீட்டுக்கு வழி கேட்டபோதே ஊர் சொல்லியிருந்தது. வீட்டை ரெண்டாக்கி, ஒரு பாதியை மகன் வீரணனுக்கும் மறு பாதியை மகள் ஒச்சாயிக்கும் கொடுத்துவிட்டுப் போனார் அப்பா. கருப்பு கோயில் கிடா விருந்து ஒன்றில் ஒச்சாயி வீட்டுக்காரரை முதல் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு இல்லை. இப்போது ஒச்சாயி மகள் ரோகிணிக்கு வியாழக்கிழமை கல்யாணம், பந்தல்கால் ஊன்றியாகிவிட்டது. தாய்மாமன் வீரணன் வீட்டுக்கு மட்டும் பத்திரிகை போகவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு பொண்ணு எப்படி மணவறை ஏறுவாள் என்று டீ ஆத்துகிறவர்கூடக் கவலைப்பட்டார்.

“கதவத் தொடாதீக தம்பி” என்றார் வீரணன். “அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு வந்து உள்தாழ் போட்டுட்டா. அண்ணன் மூஞ்சியில தாழ் போட்டவளுக்குக் கதவு எதுக்கு? விடியங்காட்டி மண்ணக் கொழச்சு அடைச்சுட்டேன்.”

தமிழ்மாறன் தொடத்தான் செய்தான், லேசாக, ஒரே விரலால். மரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

கதவு திறந்துகொண்டது.

கூடவே மறுபக்கத்தில் பூசியிருந்த மண்ணும் ‘தடதட’வென்று ஒச்சாயி வீட்டுக்குள் சரிந்தது. உள்ளே ஒரு அலறல்.

“ஐயோ, முறுக்கு போச்சு!”

கல்யாணப் பலகாரத் தகரங்களுக்கு நடுவில் ரோகிணி தலையெல்லாம் மண்ணாக நின்றாள். பக்கத்தில் சல்லடைக் கரண்டியோடு ஒச்சாயி. மூடி போட்டிருந்ததால் முறுக்கு பிழைத்தது. தமிழ்மாறன் பிழைப்பானா என்பது அந்த நிமிஷத்தில் தெரியவில்லை.

“யாரு நீ?” என்றாள் ரோகிணி.

அவன் விசிட்டிங் கார்டை நீட்டினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணனும் தங்கச்சியும் நிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். இருவரும் தமிழ்மாறனைத்தான் பார்த்தார்கள்.

“தம்பி, சுவத்த இடிக்கச் சொன்னது யாருன்னு அங்கிட்டுக் கேளுங்க” என்றாள் ஒச்சாயி.

“அண்ணே, சுவத்தை...”

“காதுல விழுந்துச்சு. நான் சொல்லலைன்னு சொல்லுங்க. மொதல்ல தாழ் போட்டது யாருன்னு கேளுங்க.”

“அக்கா, தாழ்...”

“தாழா? நான் எங்க தாழ் போட்டேன்? விடியக்காலைல அங்கிட்டு மண்ணு அப்புற சத்தம் கேட்டுச்சு. அம்புட்டு ரோசம் அவுகளுக்கு இருந்தா எனக்கு இருக்காதா? நானும் எம்பக்கம் அப்புனேன். சொல்லுங்க தம்பி!”

டேப்பும் கரண்டியும் எடுத்து வந்தவன் டெலிபோன் கம்பியாகிவிட்டான்.

“போட்டா!” என்றார் வீரணன், கூரையைப் பார்த்து.

“போடல!” என்றாள் ஒச்சாயி, தரையைப் பார்த்து.

தமிழ்மாறன் குனிந்தான். ஒச்சாயி பக்கம் விழுந்த மண்ணில் ஒரு பெரிய கட்டி உடையாமல் கிடந்தது. புரட்டிப் பார்த்தான். கதவின் தாழ்ப்பாள் ஈர மண்ணில் பதிந்த அச்சு அப்படியே இருந்தது. கட்டியைத் தூக்கிக் கதவில் பொருத்திப் பார்த்தான். பூரணக் கொழுக்கட்டை அச்சுக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

“அண்ணே, இங்க வந்து பாருங்க. தாழ்ப்பா பின்னுக்கு இழுத்தபடியே பதிஞ்சிருக்கு. மண்ணு வச்ச அன்னைக்கு இந்தக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்திருக்கு.”

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் அவன் சொன்ன முதல் சரியான விஷயம் அதுவாகத்தான் இருக்கும். காப்பிக்காகச் சொல்லாததும் அது ஒன்றுதான்.

வீரணன் வந்து பார்த்தார். தாழ்ப்பாளை விரலால் நகர்த்தினார். துரு உதிர்ந்தது, ஆனால் நகரவில்லை. அதே இடத்தில் இருந்து இருந்து அப்படியே இறுகிப் போயிருந்தது.

“அன்னைக்குக் கதவத் தள்ளிப் பாத்தீகளா மாமா?” என்று ரோகிணி கேட்டாள். மாமா என்று அவள் கூப்பிட்டது அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

வீரணன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். விறுவிறுவென்று வெளியே போனார். அரிவாள் எடுக்கத்தான் போகிறார் என்று தமிழ்மாறனின் கால்கள் முடிவு செய்துவிட்டன. செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணும் தேட ஆரம்பித்தது. திரும்பி வந்தவர் கையில் மண்வெட்டியும் சாந்துச் சட்டியும் இருந்தன. உட்கார்ந்து, படியில் கிடந்த மண்ணை அள்ளினார். தன் பக்கத்து மண்ணை முடித்துவிட்டு, படியைத் தாண்டி, தங்கச்சி பக்கத்து மண்ணையும் அள்ளினார்.

அந்த மண்ணைக் குழைத்துத் திரும்ப அடைக்கப் போகிறாரா, கொண்டுபோய்க் கொட்டப் போகிறாரா? தமிழ்மாறனுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, என்ன செய்யப் போறீங்க?”

“அங்கிட்டுக் கேளுங்க” என்றார் வீரணன், தலை நிமிராமல். குரல் மட்டும் மாறியிருந்தது.

தமிழ்மாறன் ஒச்சாயி பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அக்கா, சுவத்த விழ வச்சது நாந்தான். சரி பண்ண வேண்டியதும் நாந்தான். ஒரே ஒரு பதில், நேராச் சொல்லிருங்க. அடைக்கவா, விட்டுரவா?”

ஒச்சாயி சல்லடைக் கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், புழுதிக்குத்தான் என்பது போல. பிறகு, அவனைப் பார்க்காமல், குனிந்து மண் அள்ளுகிறவரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“அடைக்க வேணாம். குடுமிக்கு வெளக்கெண்ண விடுங்க. பத்திரிக்கைய எங்க வீட்டுக்காரரு வந்ததும் தாம்பூலத்தோட வந்து வைக்கிறோம். வியாழக்கெழம சீரு தெரு வழியா மேளத்தோட வரணும். சாப்பிட மட்டும் எங்கண்ணன் இது வழியா வரட்டும். மொதப் பந்தி.”