குளிப்பாட்டியவன் பெயர்

உம்மு சல்மா உறையின் ஓரத்தைக் கத்தரித்து முடிக்கும்வரை அத்தாவின் கை அவள் தோளை அழுத்திக்கொண்டே இருந்தது.

"பாத்து வெட்டும்மா. உள்ள இருக்கிறது கிழிஞ்சிரப் போகுது."

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் சௌகத் அலி நிமோனியாவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. 'கடிதம் பின்னர்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அறுபத்து மூன்றாம் வருஷத்து ஜனவரி. அங்கே ஆறுகள்கூட உறைந்துகிடப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அத்தா கிதர் முகம்மது ராவுத்தரால் மகனின் உடலைக் கொண்டுவர முடியவில்லை.

எதிரே பள்ளிவாசல் அசரத்து உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் மய்யித்து முன்னால் இல்லாமல் ஜனாஸா தொழுகை வைக்க நம் மத்ஹபுச் சட்டத்தில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டவர். இன்றும் அதையேதான் சொன்னார்.

"அங்கன யாராச்சும் ஒரு முஸ்லிம் தொழுதிருந்தாப் போதும் ராவுத்தரே. கடமை நிறைவேறிரும். என்ன எழுதியிருக்காங்கன்னு பாப்போம்."

கதவுத் திரைக்குப் பின்னால் அம்மா ஜெய்தூன் பீவியின் காலடி தெரிந்தது.

வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த சல்மா மட்டும்தான். கல்லூரித் தலைவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். உணவுக்கூடத்தில் எல்லாரும் கறுப்பு அங்கியோடு நின்று லத்தீன் ஜெபம் கேட்கும்போது சௌகத்தும் நிற்பான். அது முடிந்ததும் தனக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பான். விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போன பிறகு அவன் மட்டும் அறையில் இருந்திருக்கிறான். காய்ச்சலை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் அறையைப் பெருக்க வந்த பெண்தான் பார்த்தாள். கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினோம். வயதுக்கு ஒன்றாக, மணியை இருபத்திரண்டு முறை அடித்தோம்.

அத்தா எண்ணுவதுபோல உதட்டை அசைத்தார்.

அடுத்த பத்தியில் சல்மாவின் குரல் நின்றது.

'ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிஷப் இந்தக் கல்லூரியைக் கட்டியதே, இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பிரார்த்தனை நடக்க வேண்டும் என்றுதான். அந்த முறைப்படியே எங்கள் பாதிரியார் தேவாலயத்தில் பிரார்த்தித்து அடக்கம் செய்தார். பனியில் சாலைகள் அடைபட்டதால் உங்கள் மதத்தவர் ஒருவரையும் வரவழைக்க இயலவில்லை. பொறுத்தருள வேண்டும்.'

"என்னம்மா?" என்றார் அத்தா.

"எழுத்து வெளங்கல அத்தா."

தட்டச்சு எழுத்து. ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது.

திரை லேசாக அசைந்தது. "எம்புள்ளயக் குளிப்பாட்டுனது யாருன்னு போட்டிருக்காகளா?"

அசரத்து தலையைக் குனிந்துகொண்டார். சல்மா அந்தப் பத்தியை இன்னொரு முறை முழுசாக வாசித்தாள்.

"போட்டிருக்கும்மா. லாகூர்ப் பையன் ஒருத்தன், அண்ணன்கூடப் படிக்கிறவன். அவன்தான் குளிப்பாட்டி, கபன் துணி போட்டு, தொழுகையும் வச்சிருக்கான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" அசரத்து எழுந்து அத்தாவைக் கட்டிக்கொண்டார். அத்தா துண்டால் முகத்தை மூடினார்.

"அந்தப் புள்ள பேரென்னம்மா?" என்றார் அத்தா துண்டை எடுத்தபடி. " அஞ்சு வேளையும் அவனுக்கு துஆ கேக்கணும்."

"ஜமால்" என்றாள் சல்மா.

அன்றுதான் அம்மா ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு அத்தா தபாலாபீசிலிருந்து நீல நிற விமானக் கடிதத்தாள் வாங்கி வந்தார். "எழுதும்மா. நீயும் எம்மகன்தான், திண்டுக்கல் பக்கம் வந்தா எங்க வீட்டுலதான் தங்கணும்னு எழுது." அவர் சொன்னதையெல்லாம் அவள் இங்கிலீஷில் எழுதினாள்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சான்னு கேளு சல்மா."

அதையும் எழுதினாள்.

தாளை மடித்து ஒட்டியதும், முகவரிக்காக அத்தா பக்கத்திலேயே நின்றார். ஜமால் என்று எழுதினாள். அந்தக் கல்லூரியில் அவளுக்கு ஓர் அறைதான் தெரியும். கீழே அண்ணனின் அறை எண்ணை எழுதினாள்.