செடிக்குக் கவாத்து

அவருக்குத் தெரிந்த கவாத்து ஒன்றுதான். நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை எக்கு, காலை மாற்று. காவலர் பயிற்சிப் பள்ளியில் ஆயுள் முழுக்க அதையே கத்தி ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'கவாத்து'தான்.

அதனால், மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவி போனில், "கேட் பக்கத்து மயில்கொன்றை கண்டபடி வளந்து கிடக்கு, மழைக்கு முன்னாடி ஒரு கவாத்து பண்ணிடுங்க" என்றபோது அவர் மறுகேள்வி கேட்கவில்லை. நாலு இரும்புக் கம்பி நட்டார். முள் கையைக் கிழிக்கக் கிழிக்க ஒவ்வொரு கிளையையும் இழுத்துக் கயிற்றால் கட்டினார். செடி விறைப்பாக நின்றது. தினமும் காலையில் இரண்டு வாளி தண்ணீர் வேறு.

ஊரிலிருந்து திரும்பியவள் கையில் பையோடு அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

"நீதானே கவாத்து பண்ணச் சொன்னே."

அவள் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அது வெட்டுறதுங்க. சல்யூட் அடிக்க வைக்கிறது இல்ல."

சிரிப்பு நின்றதும் முகம் மாறியது. விதையின் தோலைக் கல்லில் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து, அவள் முளைக்க வைத்த செடி அது. ஆள் உயரம் வளர்ந்தும் ஒரு பூ இல்லை. குடியிருப்புச் செயலாளர் முடிவாகச் சொல்லியிருந்தாள்: சுற்றுச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் கேட் பக்கம் வருவதற்குள் பூக்காவிட்டால் பிடுங்கிவிட்டு அங்கே வண்டி நிறுத்தலாம்.

மறுநாள் மனைவி கயிறுகளை அறுத்தாள். பிறகு கத்தரியும் ரம்பமுமாக இறங்கினாள். வெயில் ஏறுவதற்குள் முழங்கால் உயரத்துக்கு ஐந்தாறு கட்டைகள்தான் மிச்சம்.

"கொன்னுட்டியே" என்றார் அவர்.

"பழைய கிளை சும்மா பேருக்கு நிக்குது. பூக்கிறது புதுக் கிளையிலதான். தினமும் தண்ணி ஊத்தினா இலைதான் வரும், பூ வராது. இனிமே வாளியைத் தொட்டீங்கன்னா உங்களையும் வெட்டுவேன்."

வழியில் போன செயலாளர் எட்டிப் பார்த்தாள். "எனக்கு வேலை மிச்சம்க்கா. வேரை மட்டும் எடுத்துட்டாப் போதும்."

மனைவி கத்தரியைத் துடைத்தாள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. வெட்டுப்பட்டு நிற்பதை நம்ப ஒரு தைரியம் வேண்டும். அவர் பிறரிடம் எதிர்பார்த்ததெல்லாம் கீழ்ப்படிதல்தான்.

மழை வந்து பெயிண்ட் வேலை நின்றது. பேப்பர் எடுக்கிற சாக்கில் அவர் தினமும் கட்டைகளைப் பார்த்தார். ஒரு காலை அவற்றில் சிவந்த முடிச்சுகள். பிறகு யாரும் கட்டளையிடாமலே எல்லாப் பக்கமும் தளிர். மாலையில் இலைகள் தாமாகவே மூடிக்கொண்டன, அணிவகுப்பு கலைவது போல. காலையில் தாமாகவே விரிந்தன. ஆயுள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் இப்படி ஓர் ஒழுங்கை அவர் கண்டதில்லை.

மழை விட்டது. பெயிண்டர் ஏணியோடு வந்தார். கிளை நுனிகளில் அடுக்கடுக்காக மொட்டு, எல்லாமே பச்சை.

"சார், அடுத்து இந்தப் பக்கம்தான். செடி நின்னா பிரஷ் போகாது. செயலாளரம்மா பிடுங்கிடச் சொன்னாங்க."

அவர் பனியனோடு கேட்டில் நின்றிருந்தார். வயிற்றை எக்கினார்.

"பின்னால் திரும்பு."

பெயிண்டர் ஏணியோடு திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான், "எதுக்கு சார்?" என்றார்.

"அந்தக் கோடியிலிருந்து அடிச்சுட்டு வா. சுவர் எங்கயும் ஓடிடாது."

மாடியிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயிண்டர் மறுகோடியிலிருந்து சுற்றி வருவதற்குள் மொட்டுகள் கீழிருந்து மேலாக உடைந்தன. நெருப்புச் சிவப்பு, ஓரத்தில் கசங்கிய மஞ்சள், நடுவிலிருந்து நீளமாகப் பாய்ந்த சிவந்த இழைகள். கேட்டைத் திறக்க வந்த செயலாளர் வண்டியை அணைத்துவிட்டு நின்றாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். பிறகு பெயிண்டரிடம், "அந்த இடத்தை விட்டுடுங்க. ஒரு கிளை ஒடியக் கூடாது" என்றாள்.

புதுவெள்ளைச் சுவரில் செடிக்குப் பின்னால் மட்டும் பழைய அழுக்கு அப்படியே இருக்கிறது. பூ இருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அவர் நாலு கம்பிகளையும் பிடுங்கினார். "அடுத்த கவாத்து நான் பண்றேன்."

"எந்தக் கவாத்து?"

"வெட்டுற கவாத்துதான்."

"முதல்ல ஒரே ஒரு கிளை தர்றேன்" என்றாள் மனைவி. "பாக்கலாம்."