கதவு இல்லாத பஸ்

1

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒருவர் செல்போனில் பஸ் ஓட்டும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். திடீரென்று வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் தீர்ந்தது. தோற்றுவிட்டதாகத் திரை சொன்னது. அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் நான் காரணம் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் இந்தக் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இலக்கியாவுக்கு ஜெயிப்பது பிடிக்கும். அதனால்தான் அவள்—"

இல்லை. பொய். அவளுக்கு ஜெயித்தால் எரிச்சல் வரும். இவ்வளவுதானா என்று இருக்கும். (அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.)

2

இலக்கியா செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறாள். ஆள் வராதபோது ஆட்டங்களை ஆடிப் பார்த்து, மதிப்பெண் போட்டு, இணையத்தில் எழுதுகிறாள். பொழுது போவதற்காக அல்ல. ஆட்டங்களை உருவாக்குகிறவளாக வேண்டும் என்பதற்காக. ஒரு துப்பாக்கி ஆட்டத்தைப் பற்றி எழுதினாள்: "சத்தம் பிரமாதம். செத்தவன் விழுந்த இடத்தில் புல்கூட மடங்கவில்லை. பத்துக்கு நான்கு." ஒரு பஸ் ஆட்டத்தைப் பற்றி: "சாலை அழகு. பயணிகளுக்கு முகமே இல்லை, மூட்டை மாதிரி இருக்கிறார்கள். பத்துக்கு மூன்று."

(அந்த மூன்றை மறந்துவிடாதீர்கள்.)

சென்னை நிறுவனம் ஒன்று பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. சொந்தமாகச் செய்த சிறிய ஆட்டம் ஒன்றை அனுப்ப வேண்டும். கூடவே, அதில் வெற்றி எது என்று ஒரே வரி. இன்று மாலை ஐந்துக்குள். தவறினால் மறுபடி டெம்பர் கிளாஸ்தான்.

அவள் ஆட்டம் 1987இல் நடக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரத்துக்கு ஒரு பஸ். அவள் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்கிறார்கள். புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் பஸ்ஸை அடிவாரம் சேர்த்தால் வெற்றி.

கதை நடப்பதோ 2020 மார்கழியில். தனி ஒதுக்கீடு கேட்டு மறுபடியும் ஊர்வலம்.

3

ஊர்வலத்துக்கு வந்த அவள் அப்பா கடைக்குள் எட்டிப் பார்த்தார். பெயர் பாவாடை. (தெற்கத்திக்காரர்கள் சிரிக்க வேண்டாம். பாவாடைராயன் எங்கள் பக்கத்துக் காவல் தெய்வம்.) தோளில் கொடி, தாடையில் இறங்கிய முகக்கவசம். எண்பத்தேழில் மரம் வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"ப்பா, ஒரு வாட்டி ஆடிப் பாரு. நான் செஞ்சது."

பஸ் புளியமரத்தை நெருங்கியது. பாவாடை பிரேக் போட்டார். விரலை எடுத்துவிட்டார்.

"ஓட்டுப்பா. எடது பக்கம் சந்து வுட்டுருக்கேன் பாரு."

"எதுக்கு?"

"நேரம் போய்க்கினு இருக்குது!"

"போவட்டும்."

திரை சிவந்தது. தோல்வி.

"இன்னாம்மா தோல்வின்றான்? பஸ்ஸு நின்னுடுச்சி இல்ல? அதான் ஜெயிப்பு."

"அய்யோ, நீ டிரைவருப்பா!"

"யாரு, நானா? அன்னிக்கு பஸ்ஸு நிக்கலன்னா நீ பாலிடெக்னிக்ல சீட்டு வாங்கியிருப்பியா? சந்து வெச்சிருக்கா பாரு சந்து, அப்பன் வெட்டுன மரத்துக்கு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே கோஷம் கேட்டதும் கிளம்பிவிட்டார். இலக்கியா சந்தை அடைத்துவிடலாமா என்று யோசித்தாள். அடைத்தால் அது ஆட்டமே இல்லை. அடைக்காவிட்டால் அவளுடைய படிப்பே—

(இந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.)

4

கடையில் அவளோடு வேலை செய்யும் மணிமொழி, மலைக்காரி. அவள் போனை வாங்கினாள். மரத்தருகே பஸ்ஸை நிறுத்தினாள். பிறகு திரை முழுக்கத் தட்ட ஆரம்பித்தாள்.

"இன்னாடி தேடற?"

"எறங்கறதுக்கு."

"எறங்க முடியாதுடி. பஸ்ஸுதான் போவும்."

"கதவு எங்க?"

இலக்கியா திரையை எட்டிப் பார்த்தாள். அவள் கதவே வரையவில்லை. பயணிகள் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முகம் இல்லாமல்.

"இதே மாதிரி மறியல்ல எங்கம்மா மாட்டிக்கிச்சிடி. பெரியண்ணனுக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிக்கினு திரும்பி வருது. எறங்கி மரத்தத் தாண்டி நடந்துச்சி. அடிவாரம் வரைக்கும் நடந்து, அப்பறம் மலை ஏறி."

"அண்ணன்?"

இந்த இடத்தில் அண்ணனைச் சாகடிக்க எனக்குக் கை அரித்தது. எளிதாகக் கிடைக்கும் கண்ணீர். எழுதியும் பார்த்தேன், அடித்துவிட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார், திருப்பூரில் இருக்கிறார்.

"அவன் நல்லாத்தான் இருக்கான். எங்கம்மாதான் அதுக்கப்பறம் பஸ்ஸே ஏறல. இன்னிக்கும் மலையவுட்டு நடந்துதான் எறங்கும்." மணிமொழி போனை நீட்டினாள். "ஊர்ல இருக்கற பஸ் கேமுக்கெல்லாம் மார்க் போட்டியே, இதுக்கு எவ்ளோடி?"

"மூணு," என்றாள் இலக்கியா.

"ஜாஸ்தி."

5

மணி நான்கரை. கதவு வைக்க இருபது நிமிடம் போதும். வைத்தாள். தட்டினால் திறக்கும்; ஆட்கள் இறங்கி மரத்தைத் தாண்டி நடப்பார்கள். ஒரே ஒரு பெண்ணுக்கு முகம் வரைய நேரம் இருந்தது. கையில் சின்னப் பொட்டலம். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மறியல்காரர்களுக்கும் முகம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். நேரம் இல்லை.

மிச்சம் அந்த ஒரு வரி.

முடிவு (அ): பஸ் போய்ச் சேர்வதே வெற்றி. அப்பா வாழ்நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருப்பார்.

முடிவு (ஆ): பஸ் நிற்பதே வெற்றி. மணிமொழியின் அம்மா நடந்துகொண்டே இருப்பாள்.

முடிவு (இ): பாவாடை திரும்பி வருகிறார். ஊர்வலத்தால் பஸ் இல்லை என்கிறார். மணிமொழியைத் தன் மொபட்டில் அடிவாரம் வரை கொண்டுபோய் விடுகிறார். இதை எழுதும்போது எனக்கு மனம் நிறைந்தது. அதனாலேயே வேண்டாம். ஒரு மொபட்டால் தீர்கிற விஷயமாக இதை ஆக்கிவிட்டால் நான்தான் ஏமாற்றுக்காரன்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம். ஊர்வலம் கடை வாசலைக் கடக்கிறது. கொடிகளுக்கு நடுவே அப்பாவின் தலை. உள்ளே மணிமொழி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டம் கடப்பதற்காக நிற்கிறாள். இலக்கியாவின் விரல் திரைமேல் இருக்கிறது. "வெற்றி:" என்று தட்டியிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அவள் எதையாவது எழுதித்தான் அனுப்புவாள். அவளுக்கு வேலை வேண்டும். என்ன எழுதினாள் என்பதை மட்டும் நான் பார்க்கப்போவதில்லை. போனை உங்கள் கையில் தருகிறேன். பஸ் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள், மரத்தின் மேலா, ஜன்னலோரமா. பிறகு எழுதுங்கள்.

வெற்றி: