இடம் போயிடும்

என் வீட்டுக்காரர் கார் வாங்கியது ஊர் சுற்றத்தான் என்று நானும் நம்பினேன். கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார், அதோடு சரி. எடுத்தால் எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் வண்டியைச் சொருகிவிடுவாராம். "இடம் போயிடும்டி." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சரி, பஸ்ஸிலாவது சேர்ந்து போகலாம் என்றால் அதற்கும் வரமாட்டார். இவர் இல்லாத நேரம் பார்த்து டாக்டர் ஆள் வைத்துக் காரைத் தள்ளிவிடுவாராம்! நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான் ஒண்டியாகத்தான் போய்வந்தேன்.

இந்த லட்சணத்தில், மாநகராட்சி எங்கள் தெருவைப் பூங்காவாக்கப்போவதாக அறிவித்தது. கார்களையெல்லாம் தெருமுனை மைதானத்துக்கு மாற்ற வேண்டும். எனக்கு வாயெல்லாம் பல். என் அக்கா வேறு கால் முறிந்து படுத்திருந்தாள்.

"எப்படியும் எடுத்துத்தானே ஆகணும்? அப்படியே அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரலாங்க. உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"எல்லாரும் எடுக்கட்டும். நான் கடைசியா எடுக்கறேன்."

"டாக்டரே எடுத்துட்டாரே!"

"அது நடிப்புடி. நான் நகந்ததும் வந்து நிப்பான் பாரு."

பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் தெரு அடையாளமே தெரியவில்லை. தார் கிடந்த இடத்தில் புல்லும் மரக்கன்றும் பெஞ்சும். நடுவில் எங்கள் கார், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கல்வரம்பு! மாநகராட்சி என்ஜினியர் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். இவர் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாராம். திறப்பு விழா நெருங்கிவிட்டதால், "நல்லா இருங்க சார்" என்று அவரும் சுற்றிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் பானெட்டில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, இனி எப்படிங்க எடுப்பீங்க?"

"எதுக்கு எடுக்கணும்?" முகத்தில் அப்படியொரு நிம்மதி. "இந்த இடத்த இனி ஒருத்தனாலயும் அசைக்க முடியாது."

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பையை வைத்தேன். பின்னாலேயே வந்தவர் அவசரமாகச் சட்டை மாற்றினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உங்கக்காவப் பாக்கத்தான். வா, பஸ்லயே போயிடலாம். இனிமே காவல் எதுக்கு?"

இப்போதுதானே அங்கிருந்து வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மனசு வரவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன்.