ட்ரேயில் மிஞ்சிய நீடில்

கியர் பாக்ஸ் மூடியின் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி திரும்பிய ஹபீபுர் ரஹ்மான் அலுமினிய ட்ரேயைப் பார்த்தார்.

ஒரு நீடில் கிடந்தது.

பேரிங்கில் அடுக்கும் எஃகுக் குச்சி. பாதித் தீக்குச்சி நீளம். அதே தடிமன். புத்தம் புதுசாய் மினுங்கியது.

"யா அல்லாஹ்!"

பதில் சொல்ல ஷெட்டில் யாரும் இல்லை.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மாவு மில்லுக்குப் பின்னால் அந்த ஷெட். மேஜை மேல் இருந்த கியர் பாக்ஸ், தி.நகர் அச்யுத்தின் காருடையது. இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். அவர் தாத்தா காலத்தில் கப்பலில் வந்தது. செகண்ட் கியர் போட்டால் கரும்பு மெஷின் மாதிரி கத்தும். நாளைக் காலை பெசன்ட் நகரில் பழைய கார்களின் அணிவகுப்பு. இன்று இருட்டுவதற்குள் பாக்ஸ் காரில் ஏறியாக வேண்டும்.

ஆனால் ஹபீப் பாய்க்கு இன்று பெரிய விஷயம் அது இல்லை.

மூன்று மணிக்கு அடையாறில் அதீபா காத்திருப்பாள். ஒரே மகள். இன்று அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள். அம்மா மௌத்தானதும் ஆதம்பாக்கத்தில் பெரியம்மா வீட்டோடு போய்விட்டவள். தரமணியில் வேலை. பெருநாளைக்குப் பெருநாள் வந்து, பிரியாணி சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் அப்பனும் மகளும்.

நேற்று அவளாகத்தான் போன் செய்தாள்.

"ஏர்போர்ட்டுக்கு வர வேணாம் அத்தா. பெரியம்மா அழுதுக்கினு இருப்பாங்க, நீங்க டாக்ஸியோட கிளட்ச் சத்தத்தைக் கேட்டுக்கினு இருப்பீங்க. அடையாறு காந்தி நகர்ல டீ குடிப்போம். ஒரு மணி நேரம். ஆனா கார் பேச்சு கூடாது. பேசினீங்க, எழுந்து போயிடுவேன்."

"பேச மாட்டேம்மா."

"சத்தியமா?"

"அல்லா மேல."

போனை வைத்ததிலிருந்து கேள்விகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். அங்கே குளிர் எப்படி? சமையல் யார்? அம்மா ஞாபகம் வருமா உனக்கு? இந்த மூன்றாவதை மட்டும் ஒத்திகையிலேயே பாதியில் விட்டுவிட்டார். இந்த ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

இப்போது இந்த நீடில்.

ஷெட்டுக்கு ஒரே சட்டம்தான். மூடி ஏறும்போது ட்ரே காலியாக இருக்க வேண்டும். வெளியே மிஞ்சினால் உள்ளே குறைகிறது. நீடில்களைக் கிரீஸில் ஒட்டி, முன்னும் பின்னும் வட்டமாக அடுக்கி, நடுவில் ஷாஃப்ட்டை விடுவார்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவை நகர்ந்து ஓட்டையை மறைத்துவிடும். வண்டி ஓடும். ஒரு வருஷம்கூட ஓடும். அல்லது நாளைக்கே, நாலு பேர் கைதட்டும்போது, கியர் பல்லெல்லாம் உதிர்ந்து நடுரோட்டில் பூட்டிக்கொள்ளும்.

நீடில் அடுக்குவது எப்போதும் சக்திவேலின் வேலை. பாக்கெட்டைப் பிரித்து, கழுவி, கிரீஸ் தடவி ஒட்டுவதெல்லாம் அவர். பூட்டுவது ஹபீப். முட்டி தேய்ந்துபோய் சக்திவேல் தை மாதம் மகனோடு கோவில்பட்டிக்குப் போய்விட்டார். ஹபீப் ஆரம்பத்திலிருந்து தனியாகச் செய்த முதல் பாக்ஸ் இது.

சக்திவேலுக்குப் போன் போட்டார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

இப்போது திறந்தால் சாயங்காலம் வரைக்கும் இழுக்கும்.

நீடிலைச் சட்டைப் பையில் போட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அதீபா முன்னாலேயே வந்து மூலை மேஜையைப் பிடித்திருந்தாள்.

"அட, டைமுக்கு வந்துட்டீங்க! கை வேற கழுவியிருக்கீங்க."

"சோப்பு போட்டேன்."

"அதான் பார்த்தேன். பக்கத்து டேபிள்காரன் இன்னும் எழுந்து ஓடல."

சிரித்தாள். அவரும் சிரித்தார். நல்ல ஆரம்பம். டீயும் பன் பட்டர் ஜாமும் வந்தன.

"அங்க குளிரு எப்படிம்மா?"

"குளிரை விடுங்க, மழைதான். வருஷம் பூரா பெய்யுமாம். என் ரூம்ல ஒரு மலையாள நர்ஸ். மீன் குழம்பு வெப்பாளாம், அது வரைக்கும் நான் தப்பிச்சேன்..."

வெளியே சிக்னலில் ஒரு பஸ் கியர் மாற்றியது.

முன்பக்க வட்டமா? பின்பக்கமா? பின்பக்கம் அடுக்கும்போதுதான் மில்காரர் எட்டிப் பார்த்து, 'உங்களுக்குக் கரண்ட் இருக்கா பாய்' என்று கேட்டார். தலையைத் திருப்பினேன். அங்கேதான். அங்கேதான் விட்டிருப்பேன். அச்யுத் சார் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாரே...

"...என்ன சொல்றீங்க அத்தா?"

"ஆங்?"

"நான் இப்ப என்ன கேட்டேன்?"

ஹபீப் டீ கிளாஸைப் பார்த்தார்.

"அது என்ன கையில?"

அப்போதுதான் அவரே கவனித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீடில் உருண்டுகொண்டிருந்தது. எப்போது எடுத்தார்?

"ஒண்ணுமில்லம்மா."

"அத்தா."

"நீடில். உள்ளே ஒண்ணு விட்டுப் போச்சோன்னு..."

அதீபா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஹேண்ட்பேக்கின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

"பரவாயில்ல. ஒரு வார்த்தை கார் பத்திப் பேசல நீங்க. சத்தியத்தைக் காப்பாத்திட்டீங்க. ஆனா நீங்க இங்க வரவே இல்ல அத்தா."

"இல்லம்மா, உக்காரு. திரும்பக் கேளு. கேக்கறேன்."

"அம்மாவோட பச்சை ஷாலை எடுத்துக்கட்டுமா, நம்ம மயிலாப்பூர் வீட்டுக்குப் போய் ரெண்டு பேருமா எடுக்கலாமான்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"போலாம்மா! இப்பவே போலாம், ஆட்டோ..."

"வேணாம்." எழுந்தாள். அவர் தோளைத் தொட்டாள். "கோவம் இல்ல. போய்த் திறந்து பாருங்க. இல்லாட்டி உங்களுக்குத் தூக்கம் வராது. அஸ்ஸலாமு அலைக்கும்."

அவள் பன்னில் ஒரு கடிதான் கடித்திருந்தாள்.

ஷெட்டுக்கு வந்ததும் ஹபீப் விளக்கைப் போட்டு, கழற்ற ஆரம்பித்தார். வெறியோடு கழற்றினார். மூடி, கேஸ்கெட், ஷாஃப்ட், கடைசியில் அடியில் படுத்திருந்த கியர் கொத்து. முன்பக்க வட்டத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். நகத்தை வைத்து நீடில் நீடிலாகத் தள்ளினார்.

நிறைந்திருந்தது.

பின்பக்கம்.

அதுவும் நிறைந்திருந்தது. ஒரு நூல் நுழைய இடமில்லை.

போன் அலறியது. சக்திவேல்.

"பாய், சாப்ட்டு தூங்கிட்டேன். இன்னா மேட்டரு?"

"ட்ரேல ஒரு நீடில் மிஞ்சிச்சு சக்தி."

"மிஞ்சும் பாய். பாக்கெட்ல கம்பெனிக்காரன் ஒண்ணு கூடுதலாத்தான் போட்டு அனுப்புவான். கீழ விழுந்து தொலைஞ்சா ஆவும்னு. பிரிச்ச உடனே எடுத்து நான் ஓரமா போட்ருவேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீங்க பாக்கெட்டைப் பிரிச்சதே இல்லியே. பாய்... தொறந்துட்டீங்களா?"

ஹபீப் பேச்சை முடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றபோது மறுபடி போன்.

அதீபா!

"உள்ள வந்துட்டேன் அத்தா. இன்னும் கேட் திறக்கல. நீடில் விட்டுப் போயிருந்துச்சா?" என்றாள்.

கார் பேச்சு. அவளே கேட்கிறாள்.

ஆமாம்மா, ஒண்ணு குறைஞ்சுது, நல்ல வேளை திறந்தேன், இல்லாட்டி நாளைக்கு ரெண்டு உசிரு... வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றன. ஒரே ஒரு பொய். அந்த டீக்கடை மேஜைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அத்தா ரெண்டு பேரைக் காப்பாத்தினார் என்று அந்த மலையாள நர்ஸிடம்கூடச் சொல்லுவாள்.

"இல்லம்மா," என்றார். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இது பாக்கெட்ல கூடுதலா வந்ததாம்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு விமானத்தின் அறிவிப்பு ஓடி முடிந்தது.

"அப்ப ஒண்ணுமில்லாததுக்கா?"

"ஆமாம்மா."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. பேசவும் இல்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதைக் கேட்பதற்காக அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டார். வேறு எதுவும் அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் நுழையவில்லை.

"வரிசை நகருது அத்தா."

"சரிம்மா."

"போய்ச் சேர்ந்துட்டு... பார்க்கலாம்."

கட்.

உடனே அடுத்த அழைப்பு. ஒரு நொடி அவளோ என்று பாய்ந்து எடுத்தார். அச்யுத்.

"பாய், பாக்ஸ் ரெடியா? ஆளை அனுப்பட்டுமா?"

"இல்ல சார். தொறந்து கெடக்கு."

"ஐயையோ! என்ன பிரச்னை?"

பிரித்துப் போட்ட சாமான்களை ஹபீப் ஒரு தடவை பார்த்தார்.

"பிரச்னை ஒண்ணுமில்ல சார்," என்றார். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அச்யுத் அதற்குள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.