சர்க்கரை இல்லை என்று சொன்ன லாரி டிரைவர்

அன்று காலை பத்தரை மணிக்குப் பாலத்தடியில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது?

எங்கள் ஆல்டர் கவுண்டி சுகாதாரத் துறை ஒரு பழைய மோட்டலை வாங்கி, தெருவில் கிடக்கும் நோயாளிகளுக்கு மருந்து எழுதுவது போல அறை எழுதிக் கொடுக்கப் போகிறது. தெருத்தெருவாகப் போய் வைத்தியம் பார்க்கும் நர்ஸ் யோலாண்டாவாகிய நான் இதற்காக ஐந்து வருடம் கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறேன். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறதோ, அவ்வளவு மதிப்பெண்; மதிப்பெண் கூடினவர்களுக்குத்தான் அறை. பட்டியல் அன்று பகல் பன்னிரண்டுக்கு முடிகிறது. இந்தப் பாலத்தடியில் கூடாரம் போட்டிருக்கும் க்ளைட் ஹாப்குட் வாங்கியிருந்த மதிப்பெண் பூஜ்யம்!

க்ளைட்டின் இன்சுலின் கூடாரத்துச் சூட்டில் கெட்டுப்போகும். காலில் ஆறாத புண். இன்னொரு கோடை வெளியில் கிடந்தால் கால் போய்விடும்.

"யோவ், சர்க்கரை இல்லைன்னு எதுக்குய்யா சொன்னே?"

"பேப்பர வெச்சுக்கிட்டு யாராவது கேட்டா, வாய் தானா ஒண்ணுமில்லன்னு சொல்லிடுது நர்ஸம்மா. இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன். இன்சுலின் போடறேன்னு தெரிஞ்சா எறக்கி விட்டுடுவாங்க. எந்த டிரைவரும் சொல்ல மாட்டான்."

"இப்ப லாரி எங்கய்யா இருக்கு?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "லைசென்ஸ் இருக்குல்ல."

கையைப் பிடித்து இழுத்து என் வேனில் ஏற்றினேன். வழியெல்லாம் நச்சரிப்பு. "பிரேக்க இப்படியா மிதிப்பாங்க? உனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

பதினொன்று ஐம்பதுக்கு மோட்டலுக்குள் ஓடினோம். பதிவு மேசையில் இருந்த ரொவீனாவிடம் நான் மூச்சுவாங்க நோய்களை அடுக்கினேன்.

"நீங்க சொன்னா செல்லாது யோலாண்டா. அவரே சொல்லணும்."

க்ளைட் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தார். சொல்லித் தொலையேன்யா!

அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். லைசென்ஸை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சர்க்கரை இருக்கும்மா. பதினேழு வருஷமா. எழுதிக்கோ."

ரொவீனா ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினான்காம் எண் அறை கிடைத்தது. நான் போட்ட கூச்சலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

அறையில் சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ். அதில் இன்சுலினை வைத்துவிட்டு, கதவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"கால் ஆறிடுச்சுன்னா வெளிய அனுப்பிடுவீங்களா?"

"போய்யா லூசு. சர்க்கரை கொறைஞ்சா இன்சுலின நிறுத்திடுவோமா? இந்த ரூமும் அப்படித்தான்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்படின்னா பேனாவ எடு நர்ஸம்மா. எடது கண்ணு ரெண்டு வருஷமாவே சரியாத் தெரியல."